டை வெட்டினது யாரு என்று அப்பா கேட்டாரே!

கேள்வி: எனக்கு 37 வயது. கோவையில் ஐ.டி. வேலை. கல்லூரி நாளிலிருந்தே ‘கன்டாம்’ ரோபோ மாடல் கிட் சேர்க்கிறேன், ‘கன்ப்ளா’ என்பார்கள். செய்து முடித்தவை முப்பதுக்கு மேல் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. பிரிக்காத பெட்டிகள் 41 பரணில் இருக்கின்றன. குடி, சிகரெட் எதுவும் கிடையாது, இது ஒன்றுதான் என் சந்தோஷம். ராத்திரி சாப்பிட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. சண்டை வேண்டாமே என்று பார்சல்களை ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்தேன். போன மாதம் ஒரு பில் அவள் கையில் சிக்கிவிட்டது. ‘இந்த வயசுல பொம்மையா’ என்று ஆரம்பித்து, அப்பாவைக்கூடக் கவனிப்பதில்லை என்று அதையும் இதோடு சேர்த்துவிட்டாள். அம்மா தவறிய பிறகு இரண்டு வருடமாக அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கணபதியில் ஒரு டூல் ரூமில், அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சான ‘டை’ செய்யும் பட்டறையில், 34 வருடம் டை ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சும்மா இருப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்.ஜி. (ரியல் கிரேடு) வரிசைக் கிட் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தேன். உள்ளே வந்து ஒரு ரன்னரை, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, எடுத்து மடக்கி மடக்கிப் பார்த்தார். ‘இதுக்கு டை வெட்டினது யாரு கண்ணு?’ என்றார். ‘ஜப்பான்காரன்ப்பா, உங்களுக்குப் புரியாது’ என்று வாங்கி வைத்துவிட்டேன். அவருக்குக் கை லேசாக நடுங்கும், உடைந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டில் யாருக்குமே புரியாதபோது மனைவிக்கு மட்டும் எப்படிப் புரியவைப்பது? எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறாள். விற்கத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. புறா வளர்ப்பவர் எழுதுவார், மீன்தொட்டி வைத்திருப்பவர் எழுதுவார், கேமரா லென்ஸாக வாங்கிக் குவிப்பவர் எழுதுவார். எல்லோருடைய கடிதத்திலும் ‘எனக்குக் குடி கிடையாது’ என்ற வரி தவறாமல் இருக்கும். குடிக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை. அதைக் காட்டி வேறு எதற்கும் அனுமதி வாங்க முடியாது.

மனைவி விஷயத்தைப் பிறகு பேசுகிறேன். ‘அவரும் சும்மா இருப்பதில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா கையில் எடுத்தது எது என்று யோசித்தீர்களா? ஆர்.ஜி. வரிசை 2010-இல் வந்தது. அதன் விசேஷமே உள்ளே இருக்கும் எலும்புக்கூடுதான். கை, கால், முழங்கால் மூட்டெல்லாம் ரன்னரில் இருக்கும்போதே மடங்கும். யாரும் உட்கார்ந்து கோத்ததில்லை. டையிலிருந்து வெளியே வரும்போதே அது அசையும் மூட்டாக வருகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத பிளாஸ்டிக்குகளை அடுத்தடுத்துச் செலுத்தி, ஒன்றின் மேல் ஒன்று வார்த்து, ஆனாலும் இறுகிப்போகாமல் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதைப் பார்த்து ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் பாகத்தை வெட்ட நிப்பரை எடுப்பார்கள். உங்கள் அப்பா அதை மடக்கிப் பார்த்தார். 34 வருடம் இரும்பை வெட்டிக் குழியாக்கிப் பிளாஸ்டிக்குக்கு உருவம் கொடுத்த மனிதர் அவர். இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். அதனால்தான் இதன் விலை என்ன, இது எந்த ரோபோ என்றெல்லாம் கேட்காமல், டை வெட்டினது யார் என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். அவரைப் பார்த்துத்தான் ‘உங்களுக்குப் புரியாது’ என்றீர்கள்.

இந்தப் பொழுதுபோக்கைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கன்டாம், 1979-இல் ஜப்பானில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர். முதல் ஒளிபரப்பில் அது ஓடவில்லை. 52 வாரம் என்று திட்டமிட்டு 43-இல் முடித்துக்கொண்டார்கள். அதைத் தூக்கி நிறுத்தியதில் மறு ஒளிபரப்புகளுக்கும் பிளாஸ்டிக் கிட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 1/144 அளவில் முதல் பெட்டியை 300 யென்னுக்கு விற்றது. அன்றைக்கு அதற்குப் பசை வேண்டும், பெயின்ட் வேண்டும். இன்றைக்கு இரண்டுமே தேவையில்லை. ரன்னர் என்ற சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி எடுத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். வெள்ளையும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே சட்டத்தில் வார்ந்து வரும்.

பசை இல்லாமல் எப்படி நிற்கிறது தம்பி? பெயின்ட் இல்லாமல் நிறம் எப்படி வருகிறது? எல்லாம் டையில் இருக்கிறது. உருகின பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் குழியைப் பெரிதாக வெட்ட வேண்டும். கணக்குத் தப்பினால் ஆணி துளைக்குள் போகாது, அல்லது போய்த் தொளதொளவென்று ஆடும். டையின் இரண்டு பாதியும் மூடும்போது நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் பிளாஸ்டிக் அதில் கசிந்து பிசிறாக வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பாதியில் நீல மை தடவி, மூடி, திறந்து, மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, ஒட்டிய மேட்டை மட்டும் கையால் தேய்த்து எடுப்பார்கள். திரும்ப மை, திரும்ப மூடல், திரும்பத் தேய்ப்பு. அது ஃபிட்டரின் வேலை. இன்றைக்குக் கம்ப்யூட்டர் வரைபடத்தை வைத்து மெஷின் வெட்டுகிறது என்றாலும் கடைசியில் டையைச் சேர்த்துப் பார்த்துச் சரிசெய்ய இன்னும் அனுபவப்பட்ட கை வேண்டியிருக்கிறது.

நீங்கள் நிப்பரால் வெட்டும் இடம் இருக்கிறதே, பாகமும் சட்டமும் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் கழுத்து, அதை எங்கே வைப்பது என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். வெளியே தெரியும் பக்கத்தில் வைத்தால் வெள்ளைத் தழும்பு விழும். மறைவில் வைத்தால் பிளாஸ்டிக் கடைசி மூலைவரை போய் நிரம்பாமல் நின்றுவிடலாம். நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு 800 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைக்கும் அந்தத் தழும்பைப் பற்றி உங்கள் அப்பாவால் ஒரு மணி நேரம் பேச முடியும். யாரும் கேட்கவில்லை, அதனால் பேசவில்லை.

இங்கே அச்சிட்டிருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுக் கடிதத்திலும் மாடல் பெயர்கள் வரிசையாக வருகின்றன. தொடரின் முக்கிய ரோபோவான ஆர்.எக்ஸ்-78-2-இன் உயரம் 18 மீட்டர், அதனால் 1/144-இல் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 1/60-இல் 30 சென்டிமீட்டர் என்று கணக்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஷிஸுவோகா நகரத்தில் பண்டாய் தொழிற்சாலை இருக்கிறது, மாடல் கம்பெனிகளில் டமியாவும் அதே ஊர், ஹசெகாவா பக்கத்து ஊரான யாய்ஸு, ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசை. உங்கள் அப்பா டை செய்த ஒரு பொருளின் பெயராவது அந்தக் கடிதத்தில் இருக்கிறதா? பம்ப் உறையா, கிரைண்டர் மூடியா, சுவிட்ச் பெட்டியா? உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஷிஸுவோகாவில் முகம் தெரியாத ஒரு டூல் ரூம்காரரின் கைவேலையைக் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதே தொழிலைச் செய்து உங்களைப் படிக்கவைத்த ஆள் ஹாலில் தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு சாத்திய கதவு.

இதை நான் கடுமையாகத்தான் சொல்கிறேன். பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றுவது என்றால் சோறு, மாத்திரை, ஒரு கட்டில் என்று நினைக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மனைவியை இழந்த மனிதருக்குச் சோறு இறங்குவதற்கே பேச ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு, தன் கைக்குத் தெரிந்ததை இன்னொருவர் கேட்க வேண்டும். உங்கள் அப்பா அதைத் தேடித்தான் அறைக்குள் வந்தார். அவரைத் திருப்பி அனுப்பியதை ஒரு தொந்தரவைச் சமாளித்த கதையாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் கடமையில் தவறிவிட்டீர்கள். அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

கை நடுங்குமே என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்கட்டும். நிப்பரையும் கத்தியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் உடைந்தால் பாகம்தானே? அதை ஒட்டலாம், இல்லாவிட்டால் உடைந்தபடியே இருக்கட்டும். அவருக்கு நடுங்குவது கைதான், கண் இல்லை. ஒரு பாகத்தை விளக்குக்கு நேரே பிடித்து எங்கே குழி விழுந்திருக்கிறது, எங்கே டை சேரும் கோடு ஓடுகிறது, எந்த ஊசி தள்ளிப் பாகம் வெளியே வந்தது என்று அவர் காட்டட்டும். அந்த ஊசி பதிந்த வட்டத் தழும்பு எதனால் வருகிறது என்று இத்தனை வருடம் கிட் செய்த உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே முதல் காரியம், மேஜையை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். அறைக்குள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதாது. அது உங்கள் இடம், அவர் விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்காருவார். நல்ல விளக்கு ஒன்று, அவருக்கு ஒரு பூதக்கண்ணாடி. அவருடைய பழைய வெர்னியர் அளவுகோல் எங்காவது டிரங்குப் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கும், டூல் ரூம்காரர்கள் அதை லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வாங்கி வைத்த அதே ரன்னரை அவர் கையில் கொடுத்து, ‘இந்த மூட்டு எப்படிப்பா வந்திருக்கும்?’ என்று கேளுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். கேள்வி போதும். அவர் பதில் சொல்லும்போது குறுக்கே போனை எடுத்துத் தேடிச் சரிபார்க்காதீர்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்ன விதத்திலேயே தெரிகிறது, பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. ‘அப்பாவைக்கூடக் கவனிப்பதில்லை’ என்பதை ஏதோ சண்டைக்குக் கூடுதல் சாமான் சேர்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் புகாரே அதுதான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் கதவைச் சாத்தும் அந்த இரண்டு மணி நேரம், ஹாலில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்வது யார்? மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? மருமகளாக அவர் செய்ய வேண்டியதைச் செய்கிறார், மகனாக நீங்கள் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்கிறார். அந்தக் களைப்பில்தான் பெட்டியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இந்த வயதில் பொம்மையா என்பது வாயில் வந்த வார்த்தை.

பார்சலை ஆபீஸுக்கு வரவழைத்தது தப்பு. அதற்கு நியாயமே கிடையாது. வீட்டுக்கு வெட்கப்பட்டு மறைத்து வாங்கும் எந்தப் பொருளும் நிம்மதி தராது. பில்களை எல்லாம் எடுத்து ஒரே நாளில் மனைவி முன்னால் வையுங்கள். பொம்மை இறக்குமதிக்கு வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது, விலை இப்படி ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் சொல்லுங்கள், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். விலை ஏறுகிறது என்று தெரிந்தும் நீங்கள்தான் வாங்கினீர்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அவர் சொல்லட்டும். சின்னத் தொகையாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

விற்க வேண்டுமா என்று கேட்டீர்கள். செய்து முடித்தவற்றை விற்க வேண்டாம். உங்கள் உழைப்பு அதில் இருக்கிறது, விற்றால் கைக்கு ஒன்றும் பெரிதாக வராது. பரணில் இருக்கும் 41-ஐ இறக்கி, எதற்காக வாங்கினோம் என்றே நினைவில்லாதவற்றை விற்றுவிடுங்கள். விற்ற பணத்தை மனைவியிடம் கொடுங்கள். புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டுமானால் பரணில் இருப்பதில் மூன்று பெட்டியாவது முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி. பெட்டிகளை மட்டும் விற்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதை உங்கள் அப்பா பார்த்து முடிக்க நாளாகும்.