நோட்டில் டிக் விழாத நாட்கள்

கேள்வி: பதினான்கு வருடமாக அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபித்து வருகிறேன். விண்ணப்பங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஜெபித்து முடித்ததும் தேதிக்கு நேரே டிக் போடுவேன். டிக் விழாத நாளில் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால், அதனால்தான் என்று மனம் அடித்துக்கொள்ளும். போன மாதம் இரண்டு நாள் விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். அவள் படுக்கை அருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுதான் அவளுக்கு. கண்ணைத் திறந்து, "இயேசப்பா உன்னைத் திட்டுவாராம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஜெபத்தில் மனமும் நிற்பதில்லை. பிதாவிடம் பேசுவதா, இயேசுவிடமா, ஆவியானவரிடமா என்பதிலும் குழப்பம். எப்படி ஜெபித்தால் சரி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

எப்படி ஜெபிப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். நீ யாரிடம் ஜெபிக்கிறாயோ அவர் எப்படிப்பட்டவர் என்று உங்கள் மகள் கேட்கிறாள். அவள் கேள்விதான் மூத்தது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

கடவுளைப் பற்றி என்ன நம்புகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "அவர் அன்பானவர்" என்று தயங்காமல் சொல்லியிருப்பீர்கள். வாய் சொல்வது அது. நோட்டு வேறு சொல்கிறது. அந்த நோட்டை மட்டும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, "இதை எழுதியவரின் கடவுள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுப் பாருங்கள். வருகைப் பதிவேடு வைத்திருப்பவர், இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் குழந்தை மேல் கை வைப்பார் என்றுதான் சொல்வார். கசப்பாக இருந்தால் மன்னியுங்கள். நானும் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவன். என்னுடையதில் சிவப்பு மைகூட உண்டு.

காய்ச்சலை முதலில் முடித்துவிடுகிறேன். பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?" என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், போகும். டிக் விழுந்த நாட்களிலும் வந்திருக்கும். அந்த நாட்களை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி கெட்ட குமாரன் கதைக்கு வாருங்கள், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பிய இளைய மகனின் கதை. நூறு முறை கேட்டிருப்பீர்கள். லூக்கா 15-ஐத் திறந்து, அந்தப் பையன் பன்றிகளுக்கு நடுவே தயாரித்த பேச்சை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். அதில் மூன்று வரி. பாவம் செய்தேன். உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல. கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பான். இப்போது 21-ஆம் வசனத்துக்குப் போய், அப்பாவின் முன்னால் அவன் என்ன பேசினான் என்று பாருங்கள். முதல் வரி இருக்கிறது, இரண்டாவது இருக்கிறது. மூன்றாவதைக் காணோம். அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு அங்கி கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் எடுக்கும் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

வீட்டிலேயே இருந்த மூத்தவன் என்ன சொல்கிறான்? இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறியதில்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்கிறான். அவனும் அப்பாவை முதலாளியாகத்தான் பார்த்திருக்கிறான். வீட்டை விட்டுப் போனவன், போகாதவன், இரண்டு பேருக்கும் அப்பாவைப் பற்றி ஒரே தவறான எண்ணம். பதினான்கு வருடம் ஐந்து மணிக்கு எழுந்த உங்களுக்கு, இளையவனைவிட மூத்தவன்தான் நெருங்கிய சொந்தம் என்று நினைக்கிறேன்.

இந்த நோய் புதிதல்ல. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர், தான் துறவியாக இருந்த காலத்தைப் பற்றி 1545-இல் திரும்பிப் பார்த்து எழுதியபோது ஒளிக்காமல் சொன்னார்: குற்றம் சொல்ல முடியாதபடி வாழ்ந்தேன், ஆனாலும் பாவிகளைத் தண்டிக்கிற அந்த நீதியுள்ள கடவுளை நான் நேசிக்கவில்லை, வெறுத்தேன் என்று. ரோமர் 1:17-இல் வரும் 'தேவநீதி' என்ற சொல்லே அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அது கடவுள் தண்டிக்கப் பயன்படுத்தும் நீதி என்றல்ல, விசுவாசிக்கிறவனுக்கு அவர் கொடுக்கும் நீதி என்று விளங்கியபோது, கதவு திறந்து பரதீசுக்குள் போனதுபோல இருந்தது என்கிறார். வசனம் பழையதுதான், மனிதரும் அவரேதான்.

அந்த லூத்தரே 1535-இல், ஜெபிப்பது எப்படி என்று கேட்ட தன் முடிதிருத்துநருக்காக ஒரு சிறு நூல் எழுதினார். மனம் நிற்பதில்லை என்கிறீர்களே, அதற்கு அதில் அருமையான இடம் ஒன்று உண்டு. முடிதிருத்துகிறவன் கத்தியிலும் முடியிலும் கண் வைக்காமல் வாயடித்துக்கொண்டிருந்தால் வந்தவரின் மூக்கை அறுப்பான், கழுத்தையும் அறுப்பான் என்கிறார். கவனம் வேண்டும் என்பது சரி. ஆனால் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: ஜெபித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நல்ல எண்ணம் வந்து பிடித்துக்கொண்டால், மிச்ச விண்ணப்பங்களை விட்டுவிட்டு மௌனமாக அதைக் கேள், அங்கே பேசுகிறவர் ஆவியானவர். அதாவது, பட்டியல் பாதியில் நிற்கலாம். முதலாளியிடம் பாதி வேலையோடு போய் நிற்க முடியாது. அப்பாவிடம் பாதிப் பேச்சில் எழுந்துபோகலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பத்துக்கு வருகிறேன். இதற்காகச் சபை நான்காம் நூற்றாண்டு முழுக்க மல்லுக்கட்டியது. குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியு. அப்படியானால் கிறிஸ்தவர்கள் படைப்பை அல்லவா கும்பிடுகிறார்கள் என்று கேட்டார் அதே ஊரின் ஆயராக இருந்த அத்தனாசியு. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உள்ளவர் என்று அறிக்கையிட்டார்கள். பிறகு ஆவியானவரைப் பற்றி வாதம் எழுந்தது. செசரியாவின் ஆயர் பசிலியார் ஆராதனையில் இரண்டு விதமாகத் துதி சொல்லி வந்தார். ஒரு நேரம், "பிதாவுக்கு, குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில் மகிமை." இன்னொரு நேரம், "பிதாவுக்கு, குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் மகிமை." இரண்டாவதைக் கேட்டுச் சிலர் கொதித்தார்கள். வேற்றுமை உருபுக்காகவா சண்டை என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் ஏறத்தாழ 375-இல் ஒரு முழு நூலே எழுதி, இரண்டும் சரி என்று வாதாடினார். 'ஓடு' என்னும்போது மூவரின் சம மகிமையைச் சொல்கிறோம், 'வழியாக' என்னும்போது நமக்கு வந்து சேர்ந்த கிருபையைச் சொல்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆயர்களின் சங்கம் கூடியபோது அவர் உயிரோடு இல்லை. ஆவியானவர் பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழுது துதிக்கப்படுகிறவர் என்ற வரி விசுவாசப் பிரமாணத்தில் நின்றுவிட்டது.

இது உங்கள் ஐந்து மணிக்கு எதற்கு என்றால், இதற்குத்தான்: நீங்கள் தனியாக உட்கார்ந்து, தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு மனு அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்கிறது ரோமர் 8. குமாரனும் பரிந்து பேசுகிறார் என்று அதே அதிகாரம் சொல்கிறது. நீங்கள் எழுவதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கிற ஒரு பேச்சில்தான் போய்ச் சேர்ந்துகொள்கிறீர்கள். பிதாவே என்று தொடங்குங்கள், இயேசுவே என்று தொடங்குங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. வீட்டில் குழந்தைகள் 'இயேசப்பா' என்கிறார்கள், குமாரனின் பெயரும் தகப்பனின் உறவும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டு. இறையியல் ஆசிரியர் யாராவது கேட்டால் பிரித்து எழுதச் சொல்லுவார். நான் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். கடவுளைத் தோளில் கைபோட்டுப் பேசும் கூட்டாளியாக மட்டும் வைத்திருக்கிற ஜெபமும் உண்டு. அதில் மனஸ்தாபமே வராது, மனந்திரும்புதலும் வராது. கடவுளின் சிங்காசனத்தைத் தரிசனத்தில் கண்ட தீர்க்கதரிசி ஏசாயா, "ஐயோ! அதமானேன்", அதாவது அழிந்தேன், என்றான். அந்த நடுக்கம் உண்மையானது, வேண்டியதும்கூட. ஆனால் அடுத்து நடந்தது என்ன? நெருப்புத்தழல் அவன் உதட்டைத் தொட்டது, அக்கிரமம் நீங்கிற்று, "இதோ, அடியேன் இருக்கிறேன்" என்று வாய் திறந்தது. பயபக்தி பேச வைக்கும். உங்களுடைய பயம் கணக்குப் பார்க்க வைக்கிறது.

நோட்டைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன், அதில் எத்தனையோ பேருடைய பெயர்கள் இருக்கும். தேதிப் பத்தியை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். ஐந்து மணிக்கு எழ முடியாத நாளில் தூங்குங்கள். எழுந்ததும் முதல் வார்த்தை "மன்னியும்" என்று வந்தால், அதற்கு முன்னால் "அப்பா" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசுவின் வாயில் இருந்தது அந்தச் சொல்தான், அவர் பேசிய அரமேயத்திலும் அது 'அப்பா'தான். முதலில் நாக்கு கூசும்.

மகளுக்கு நீங்கள் இன்னும் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். இன்று இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாதான் அப்படி நினைச்சுட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு ஜெபத்தை அவளையே செய்யச் சொல்லி, நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள்.