பின் பிரேக் பிஸ்டன்: அழுத்தினால் போகாது, திருகினால் போகும்

கேள்வி: 2011 மாடல் ஸ்கோடா லாரா டீசல் வைத்திருக்கிறேன். 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பேடும் டிஸ்க்கும் போதாது, இரண்டு காலிப்பரையும் மாற்ற வேண்டும் என்று 46,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். பேடையும் டிஸ்க்கையும் வெளியில் வாங்கி நானே மாற்ற ஆரம்பித்தேன். முன் சக்கரத்தில் இரண்டு தடவை பேட் மாற்றிய பழக்கம் உண்டு. ஆனால் பின்னால் சி கிளாம்ப் போட்டு எவ்வளவு முறுக்கியும் பிஸ்டன் ஒரு நூல்கூட உள்ளே போகவில்லை. அவர்கள் சொன்னது சரிதானா? காலிப்பர் போய்விட்டதா?
(ஒரு வாசகர், கோவை)

பதில்: முதலில் அந்தக் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் காலிப்பர் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர், அதற்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். முன் பக்கப் பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போகும். உங்கள் வண்டியின் பின் பக்கப் பிஸ்டனைத் திருகினால்தான் போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நல்ல காலிப்பரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு.

ஏன் திருக வேண்டும்? உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் அந்தப் பின் காலிப்பர் வழியாகத்தான் வேலை செய்கிறது. லீவரை இழுத்தால் கேபிள் ஒரு சின்னக் கையை இழுக்கும், அந்தக் கை பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் தண்டைத் தள்ளும். பேட் தேயத் தேய ஹேண்ட் பிரேக் தொளதொளவென்று ஆகாமலிருக்க, பிஸ்டனுக்குள் மரை போட்ட ஒரு தண்டும் நட்டும் வைத்திருக்கிறார்கள். பேட் தேயும்போது பிஸ்டன் அந்த மரையில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துவிடும். மரையில் ஏறி வந்ததை மரையில்தானே இறக்க வேண்டும்? பாட்டில் மூடியை நேராக அமுக்கினால் மூடுமா? கிளாம்ப்பில் ரொம்ப முறுக்கினால் உள்ளே இருக்கும் அந்த நட்டுதான் உடையும். அப்போது அவர்கள் சொன்ன பொய் உண்மையாகிவிடும்.

இதற்கென்று பிஸ்டன் திருகும் கிட் ஒன்று டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். ஒரு பக்கம் தட்டு, நடுவில் மரைத் தண்டு, முனையில் இரண்டு முளை உள்ள ஒரு வட்டு. அந்த முளைகள் பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளத்தில் உட்காரும். லாராவில் இரண்டு பக்கமும் கடிகாரச் சுற்று. சில வண்டிகளில் ஒரு பக்கம் எதிர்ச் சுற்றாக இருக்கும். அது உங்கள் கவலை இல்லை. நாலு மூலையில் முளை உள்ள சின்னக் கட்டை மாதிரி ஒரு கருவியை மலிவாக விற்பார்கள், அதை வாங்காதீர்கள். அது திருகும், ஆனால் அழுத்தாது. இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

திருகும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கவனியுங்கள். பிஸ்டனோடு சேர்ந்து அதுவும் முறுக்கிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி மடிப்பு விழும். மடிப்பு தெரிந்தால் நிறுத்துங்கள். உறையின் ஓரத்தில் பிரேக்குக்கான கிரீஸை விரல் நுனியில் துளி எடுத்துத் தடவி, உறையைப் பிஸ்டனிலிருந்து கொஞ்சம் விடுவித்துவிட்டு மறுபடி திருகுங்கள். உறை கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். ஆறே மாதத்தில் பிஸ்டன் துரு பிடித்துவிடும்.

இன்னொன்று. பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் பின்னால் தள்ளப்பட்டு பானெட்டுக்குக் கீழே உள்ள டப்பாவில் ஏறும். யாராவது ஏற்கெனவே விளிம்பு வரை ஊற்றி வைத்திருந்தால் வழியும். பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். எடுத்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். இதில் ஊற்றும் டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாமான். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 155 டிகிரி வரை இறங்கிவிடும்.

சரி, காலிப்பர் உண்மையிலேயே போயிருக்குமா? அதற்கும் வாய்ப்பு உண்டு. மறைக்கக் கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருவியால் திருகும்போது பிஸ்டன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் உள்ளே இறங்கவில்லை என்றால், முதலில் தட்டு சரியாக அழுத்துகிறதா என்று பாருங்கள். நன்றாக அழுத்தியும் இறங்கவில்லை என்றால் உள் நட்டு போய்விட்டது. உறையை விலக்கிப் பார்த்தால் ஈரமாக, வழுவழுவென்று இருக்கிறதா? சீல் கசிகிறது. பிஸ்டனின் பளபளப்பான பக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குத் துருக் குழிகள் இருந்தால் சீல் மாற்றியும் பயனில்லை. மூன்றாவது, ஹேண்ட் பிரேக் கை. கேபிளை அந்தக் கையிலிருந்து கழற்றிவிட்டுக் கையை விரலால் தள்ளி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து அது தானாகத் தன் நிறுத்தத்தில் வந்து டக்கென்று மோத வேண்டும். வந்தால் காலிப்பர் நல்லது, இறுக்கம் கேபிளில்தான். கேபிள் விலை காலிப்பர் விலையில் ஒரு சிறு பங்கு. வராமல் பாதியில் நின்றால் அந்தத் தண்டு உள்ளே துரு பிடித்துவிட்டது. மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு வெயிலிலும் மழையிலும் நிறுத்திய வண்டிகளில் இது வரும்.

உள் பக்கப் பேட் மட்டும் தேய்ந்து, வெளிப் பக்கப் பேட் கனமாக இருந்தால் உடனே காலிப்பரைக் குறை சொல்லாதீர்கள். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்கள் கிரீஸ் காய்ந்து பிடித்திருக்கும். கழற்றித் துடைத்து, புது கிரீஸ் வைத்தால் முடிந்தது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் 'காலிப்பர் ஜாம்' என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். பின்னைத் துடைக்க கால் மணி நேரம் ஆகும். காலிப்பர் விற்றால் வரும் காசு துடைத்தால் வருமா?

நீங்கள் எழுதியதில் கசிவு, கிழிசல் எதுவும் இல்லை. அதனால்தான் நன்றாக இருக்கிறது என்கிறேன்.

அடுத்து டிஸ்க். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த மாடலில் பின் டிஸ்க் ஒரே அளவு கிடையாது. 10 மி.மீ. கனமுள்ளதும் உண்டு, 12 மி.மீ. உள்ளதும் உண்டு, விட்டமும் மாறும். கடையில் 'லாரா 2011, பின் டிஸ்க்' என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, 'இதுதான் சார், எல்லாத்துக்கும் ஒண்ணுதான்' என்பார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அளந்து, அதையே கையில் கொண்டுபோய் வாங்குங்கள். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், ஆகவே பொருத்துவதற்கு முன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். 10 மி.மீ. டிஸ்க்குக்கு எல்லை 8, 12 மி.மீ. டிஸ்க்குக்கு 10. அதாவது பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் தேய இடம். ஆகவே 'லேத்தில் கொடுத்து முகம் எடுத்துக்கொள்ளலாம், டிஸ்க் மாற்றவே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 94,000 கி.மீ. ஓடிய பின் டிஸ்க்கில் லேத்துக்குக் கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்?

பேட் பற்றி ஒரு வார்த்தை. சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் 1960களிலிருந்தே பிரேக் சாமான் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் ஊரில் நல்ல பேடுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நல்ல பெட்டிக்குள் நல்ல பேட் இருப்பதில்தான். ஐரோப்பியத் தரப் பேட் என்று விற்றால் பின் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் '90ஆர்' என்று தொடங்கும் அனுமதி எண்ணும் தகட்டிலேயே இருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் அச்சடித்து, பேடில் ஒன்றுமே இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. 'பில் போட்டா ஜிஎஸ்டி வரும் சார்' என்ற வசனத்துக்கு இனிமேலாவது மசியாதீர்கள்.

வேலை முன் பக்கம் மாதிரிதான் என்பதால் முழுக்கச் சொல்லவில்லை. மாறும் இடங்கள் மட்டும்: ஹேண்ட் பிரேக்கை முழுசாக விட்டுவிட வேண்டும், ஆகவே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பர் போல்ட் 13 சைஸ். கழற்றும்போது ஸ்லைடு பின்னும் கூடவே சுற்றும், அதை மெல்லிய 15 ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். காரியர், அதாவது காலிப்பரைத் தாங்கும் சட்டம், அதன் போல்ட் தலையைப் பார்த்துவிட்டு ஆலன் கீ என்று நினைத்துவிடாதீர்கள். அது பன்னிரண்டு முனை உள்ள எம்14 ஸ்ப்லைன். பக்கத்து சைஸ் ஆலன் கீயைச் சுத்தியலால் அடித்து நுழைத்தால் தலை வழுக்கி, வெல்டிங் கடைக்குப் போக வேண்டியிருக்கும். கழற்றிய காலிப்பரை ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் இரும்பு வெளுக்கும்வரை தேயுங்கள். அங்கே ஒரு துருப் பொருக்கு மாட்டினால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பிறகு பெடல் உதறும். புது டிஸ்க்கில் தடவியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைக்க மறக்காதீர்கள்.

காலிப்பர் போல்ட்டைப் புதிதாகப் போட்டு டார்க் ரெஞ்சால் 35 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள், வீல் போல்ட் 120. காரியர் போல்ட்டும் புதிதுதான், அதன் முறுக்கு அளவைப் பட்டறைக் கையேட்டில் பார்த்து முறுக்க வேண்டும். அந்தக் கையேட்டைக் கேட்டால் பார்ட்ஸ் கவுன்டரில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'அது வெளியே கொடுக்க மாட்டோம்.' உதிரிபாகமும் பட்டறைத் தகவலும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 2014ஆம் ஆண்டிலேயே இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. இன்றைக்கும் ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்ற எண்ணுக்காக நான் தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடிக்கிறேன். காசு கொடுத்து வண்டி வாங்கியவனுக்கு அந்த ஒரு எண்ணைச் சொன்னால் யார் குடி முழுகிவிடும்?

கடைசியாக, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எல்லாம் மாட்டியபின், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பெடலை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். இரண்டாவது, மூன்றாவது மிதியில் மேலே வரும். கல் மாதிரி நிற்கும்வரை விடாமல் மிதியுங்கள். என் பட்டறையில் வேலை கற்க வந்த பையன் ஒருவன் இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் போட்டான். பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிதான் வண்டியை நிறுத்தியது. ஹேண்ட் பிரேக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் கேபிளை உடனே இறுக்காதீர்கள். இருபது, முப்பது தடவை பெடலை மிதித்தால் உள் நட்டு தானாகச் சரியாகும். முதலிலேயே கேபிளை இறுக்கினால் அந்தச் சின்னக் கை நிறுத்தத்துக்குத் திரும்பாது. புது பேட் தேய்ந்துகொண்டே ஓடும், அப்புறம் அதற்கும் காலிப்பர்தான் காரணம் என்பார்கள்.

பெடல் கெட்டியான பிறகு டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு மிதமாகக் குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். பின் சக்கரம் ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகத் தகித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பக் கழற்றி, ஹேண்ட் பிரேக் கை நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் போல்ட்டை மறுபடி 120க்குச் சரிபார்த்துவிடுங்கள்.