சொந்தமாக ஒரு சின்ன இணையதளம் வைத்திருக்கிறேன். பார்வையற்றவர்கள், முதியவர்கள் என எல்லாரும் படிக்கும்படி மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

படமாகப் போட்டிருக்கும் எழுத்தை எழுத்தாக மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.

என் கவிதைத் தளத்தில் ஒவ்வொரு கவிதையையும் அழகான எழுத்துருவில் அமைத்து, படமாக ஏற்றியிருந்தேன். பார்வையற்ற தோழி ஒருத்தி, கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் முகப்பைத் திறந்தாள். "லிங்க், கிராஃபிக், ஐஎம்ஜி 2041. லிங்க், கிராஃபிக், ஐஎம்ஜி 2042." அவள் தட்டத் தட்ட எண் மட்டும்தான் மாறியது. "கவிதை எங்கடி?" என்றாள். அந்த வாரமே 37 கவிதைகளையும் யூனிகோடில், அதாவது கணினி தமிழாகவே அறியும் குறிமுறையில், தட்டி ஏற்றினேன்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பக்கங்கள் இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத்தான் அது தமிழ். 'அம்மா' என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைப்பது அதுதான். யூனிகோடுக்கு மாற்றிய பின் பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் 'லேங்' (lang) பண்பில் 'டிஏ' (ta) என்று மொழியையும் குறித்துவிடுங்கள். தமிழ்க் குரலுக்கு மாற வேண்டும் என்று மென்பொருளுக்கு அப்போதுதான் தெரியும்.

புகைப்படங்களுக்கு 'ஆல்ட்' (alt), அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் விவரிப்பு, எழுதும்போது 'படம்' என்று எழுதிப் பயனில்லை. 'திண்ணையில் பாக்கு இடிக்கும் பாட்டி' என்று எழுதுங்கள். வெறும் அலங்காரப் படமென்றால் ஆல்ட் காலியாக இருக்கட்டும், ஆனால் அந்தப் பண்பையே எடுத்துவிடாதீர்கள்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல் முறையான தலைப்புக் குறிகளில் போடுங்கள். என்விடிஏவில் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் என் தோழி படிக்கிறாள்.

நிறத்தில் நானும் தவறியிருந்தேன். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து எனக்கு அழகாகத் தெரிந்தது, அப்பாவுக்குப் படிக்கவே முடியவில்லை. இணையதளங்கள் எல்லாருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. என்னுடையது 3:1கூட இல்லை. நிறத்தை அடர்த்தியாக்கினேன். கைபேசியில் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி ஒன்று வார்ப்புருவோடு வந்திருந்தது, அதையும் நீக்கினேன். உங்கள் தளத்திலும் தேடிப் பாருங்கள்.

என்விடிஏ இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நிறுவி, மவுஸைத் தொடாமல் உங்கள் முகப்பை ஒருமுறை கேளுங்கள்.

மாற்றி முடித்த மறுநாள் தோழி ஃபோன் செய்தாள். "மூணாவது கவிதை, நாலாம் வரி. ஒரு ஒற்று விட்டுப்போச்சு, திருத்து."