தஸ்தயேவ்ஸ்கியை ஆராய்வது – கடிதம்

ஐயா, வணக்கம்.

கணிதத்தில் பட்டம் முடித்திருக்கிறேன். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத் தமிழில் மூன்று முறை வாசித்தேன். ரஷ்ய இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக ஆசை. ‘தஸ்தயேவ்ஸ்கியின் இருத்தலியம்’ என்று தலைப்பும் யோசித்துவிட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? வேலை கிடைக்குமா?

எம்.

அன்புள்ள எம்,

வேலை குறைவு. கிடைத்தாலும் முதல் சில ஆண்டுகள் நாவல் நடத்த விடமாட்டார்கள், தொடக்கநிலை மொழி வகுப்புதான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆய்வு செய்யும் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா, உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு வரும் என்று பாருங்கள்.

மனித இருப்பையும் சுதந்திரத்தையும் பேசும் அந்த இருத்தலியத் தத்துவத்தை மட்டும் தூக்கிப் போடுங்கள். மூன்று முறை வாசித்தவர் சொந்தமாக எதையாவது கண்டிருப்பார். அதை ஒளித்துவைத்துவிட்டு இரவல் சரக்கை ஏன் முன்னால் வைக்கிறீர்கள்? தேர்வுக்குழு இதே தலைப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கும்.

உங்கள் நாவலையே எடுத்துக்கொள்வோம். 1972 முதல் 1990 வரை லெனின்கிராடில் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கி படைப்புகளின் 30 தொகுதிப் பதிப்பில் 6ஆம் தொகுதி இந்த நாவல். 7ஆம் தொகுதியில் இதன் வரைவுகள் இருக்கின்றன. ஆய்வாளர் குடியிருக்க வேண்டியது அந்த 7இல். முதலில் எழுதிய வடிவத்தில் கொலைகாரன் ரஸ்கோல்னிகவே தன் கதையை வாக்குமூலமாகச் சொல்கிறான். 1865 நவம்பர் இறுதியில் அதுவரை எழுதியதை எரித்துவிட்டு தஸ்தயேவ்ஸ்கி புதிதாகத் தொடங்கினார். 1866 ஜனவரியில் பத்திரிகையில் தொடர் வர ஆரம்பித்துவிட்டது! கதைசொல்லி படர்க்கைக்கு மாறினார், ஆனாலும் பெரும்பாலும் ரஸ்கோல்னிகவை ஒட்டியேதான் நடக்கிறார். எங்கே விலகுகிறார்? ஸ்வித்ரிகைலவ் என்ற இன்னொரு பாத்திரத்தின் கடைசி இரவைப் பாருங்கள், ஆறாம் பாகம், ஆறாம் அத்தியாயம். ரஸ்கோல்னிகவ் அங்கே இல்லவே இல்லை. தன்மையில் சொல்லியிருந்தால் அந்த அத்தியாயத்தை எழுதியிருக்கவே முடியாது. வரைவையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த ஒன்றை மட்டும் 20 பக்கம் எழுதினால், விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரை தயார்.

ஆனால் அதை மொழிபெயர்ப்பில் செய்ய முடியாது, தம்பி. ரஷ்ய மொழியின் 33 எழுத்தும் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதன் பிறகுதான் பாடு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கணக்கில் இது சுமார் 1100 வகுப்பு மணி நேர மொழி. ஆறு வேற்றுமையைக் கண்டு பிறர் மிரளலாம், எட்டு வேற்றுமை படித்த நமக்கென்ன? சறுக்குவது வினைச்சொல்லில். முடிந்த செயலுக்கு ஒன்று, நீளும் செயலுக்கு ஒன்று என்று வினைகள் ஜோடியாக வரும். ஒற்றையாக மனப்பாடம் செய்தால் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். அசையழுத்தமும் சாதாரண அச்சில் குறிக்கப்படாது, ஆகவே ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். பல துறைகள் பிரெஞ்சோ ஜெர்மனோ வாசிக்கத் தெரிய வேண்டும் என்றும் கேட்கும். அது பிறகு.

அந்த ஆறாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை ரஷ்ய மொழியில் அகராதியோடு வாசித்துவிட்டு எழுதுங்கள். பல்கலைக்கழகப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.