அடியை வாங்குபவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய லைட்வெயிட் குத்துச்சண்டை வீரர் ஹிரோயுகி சகமோட்டோவைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். உலகப் பட்டத்துக்கு நான்கு முறை மோதி நான்கிலும் தோற்றவர், இப்போது பயிற்சியாளராக இருக்கிறார், குழந்தைகள் காப்பகங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள். தோற்றவர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டாடுவது எழுத்தாளர்களின் வழக்கமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. அவரை வீழ்த்திய ஹடகேயாமாவுக்கு உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. இது நியாயமா? இரண்டாவது, நான் பள்ளி ஆசிரியர். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைகள் வகுப்பில் முதலில் கை ஓங்குவதை அன்றாடம் பார்க்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குத்துவதைச் சொல்லிக்கொடுப்பது அவர்களை மேலும் கெடுக்காதா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் சகமோட்டோ எப்படிப்பட்ட வீரர் என்று தெரியாமல் அவர் எப்படிப்பட்ட பயிற்சியாளர் என்று சொல்ல முடியாது. எனவே முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

அவரைத் 'தோற்றவர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. 1991-இல் தொழில்முறைக் களத்தில் இறங்கியவர், இரண்டே ஆண்டுகளில் ரிக் யோஷிமுராவை வீழ்த்தி ஜப்பானின் தேசிய லைட்வெயிட் பட்டத்தை வென்றார். யோஷிமுரா சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் அதே பட்டத்தைத் திரும்பப் பெற்று, 20 முறைக்கும் மேல் காத்து நின்றவர். சகமோட்டோ 1996-இல் கிழக்கு-பசிபிக் பட்டத்தையும் பிடித்தார். மொத்தம் 47 ஆட்டங்களில் 39 வெற்றி, அவற்றில் 29 நாக்-அவுட். ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை 'ஹெய்செய் காலத்தின் நாக்-அவுட் மன்னன்' என்று எழுதின. ஹெய்செய் என்பது 1989-இல் தொடங்கிய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலம். அந்தப் பெயரை அவர் உழைத்துச் சம்பாதித்தார்.

லைட்வெயிட் என்பது 61.2 கிலோ எடை வரம்பு. ஜப்பான் உலக சாம்பியன்களைக் குவித்ததெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே, ஃப்ளைவெயிட், பாண்டம்வெயிட் போன்ற பிரிவுகளில். லைட்வெயிட்டில் அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் அணிவகுத்து நிற்கும். 1974-இல் கட்ஸ் இஷிமட்சு அந்தப் பட்டத்தை வென்ற பிறகு, கால் நூற்றாண்டுக்கு வேறு எந்த ஜப்பானியரும் அதைத் தொடவில்லை. போதாக்குறைக்கு, அன்றைய ஜப்பானியக் குத்துச்சண்டை ஆணையம் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி. என்ற இரண்டு அமைப்புகளின் பட்டங்களை மட்டுமே ஏற்றது. உலகப் பட்டம் தரும் அமைப்புகளாக நான்கு கதவுகள் இருந்தாலும் ஜப்பானிய வீரனுக்கு இரண்டுதான் திறக்கும்.

அந்த இரண்டையும் சகமோட்டோ தட்டினார். 1997 ஜூலையில் இடக்கை வீரர் ஸ்டீவி ஜான்ஸ்டனிடம் புள்ளிகளில் தோல்வி. 1998 ஆகஸ்டில் மெக்சிகோவின் சீசர் பசானிடமும் அப்படியே. 2000 மார்ச்சில் வெனிசுவேலாவின் கில்பெர்ட்டோ செர்ரானோவை முதல் சுற்றிலேயே இரண்டு முறை கீழே தள்ளினார். பட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் செர்ரானோ எழுந்து திருப்பி அடித்தார். சகமோட்டோவின் கண்ணருகே ஏற்பட்ட காயத்தால் ஐந்தாவது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. நான்கில் என் மனத்தை அதிகம் வருத்துவது இந்தத் தோல்விதான்.

ஹடகேயாமாவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவோமோரியில் பிறந்த டகனோரி ஹடகேயாமா, சூப்பர் ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தை 1999-இல் மங்கோலியாவின் லக்வா சிம்மிடம் இழந்து, ஓய்வு பெறுவதாக அறிவித்தவர். பிறகு மனம் மாறி, ஒரு பிரிவு மேலேறி வந்து, சகமோட்டோவால் முடிக்க முடியாத செர்ரானோவை 2000 ஜூனில் எட்டாவது சுற்றில் முடித்தார். வென்ற கையோடு ரிங்கில் நின்றபடியே, அடுத்து சகமோட்டோவுடன் மோத வேண்டும் என்றார். புதிய சாம்பியன் முதல் பாதுகாப்பு ஆட்டத்துக்கு எளிய எதிராளியைத் தேடுவதுதான் தொழில் வழக்கம். அவர் நாட்டிலேயே மிகக் கடுமையாக அடிப்பவரின் பெயரைச் சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

2000 அக்டோபர் 11, யோகோஹாமா அரீனா. சகமோட்டோ தன் வழக்கப்படி தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்துகொண்டே இருந்தார். ஹடகேயாமா விலகி ஓடவில்லை, எதிரே நின்று வேகமான தொடர் குத்துகளால் பதில் சொன்னார். ஒன்பது சுற்றுகள் இப்படியே போயின. பத்தாவது சுற்று தொடங்கிய சில நொடிகளில் இடது, வலது என்று இரண்டு குத்துகள். சகமோட்டோ விழுந்தார். அத்துடன் ஆட்டம் முடிந்தது.

அப்போது அவருக்கு வயது 29. அதன் பிறகும் விடவில்லை. முதுகுத் தட்டு விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் ரிங்குக்கு வந்தார். ஜப்பானில் அன்று 37 வயதானால் உரிமம் காலாவதியாகிவிடும். அந்த வயதை நெருங்கும்போது, 2007 ஜனவரியில், டோக்கியோவின் கொராக்குவென் ஹாலில் கடைசி ஆட்டம் ஆடினார். அது சமநிலையில் முடிந்தது. தன் ஜிம்மான கடோஎபி ஹோசெகியிலேயே பயிற்சியாளரானார். அடுத்த ஆண்டு அதே கடோஎபி ஜிம்மின் யூசுகே கொபோரி லைட்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். 2010-இல் சகமோட்டோ டோக்கியோவில் எஸ்.ஆர்.எஸ். என்ற சொந்த ஜிம்மைத் தொடங்கினார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

சகமோட்டோ பிறந்தது ஃபுகுவோகா மாகாணத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில். பெற்றோர் பிரிந்தபின் அவரும் தம்பியும் உறவினர் வீட்டில் விடப்பட்டார்கள். அங்கே அடி உண்டு, சோறு இல்லை. பள்ளியில் தரும் மதிய உணவு ஒன்றுதான் நாளுக்கு ஒரு வேளை. கோடை விடுமுறையில் அதுவும் நின்றுபோகும். அண்ணனும் தம்பியும் ஓடையில் நன்னீர் இறால் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். கடைசியில் தம்பி பசியால் மயங்கி விழுந்த பிறகுதான் இருவரும் ஃபுகுவோகா நகரத்தில் உள்ள ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு கிடைத்தது. அங்கிருந்த தொலைக்காட்சியில்தான் அவர் முதன்முதலாகக் குத்துச்சண்டையைப் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்குள் நாமும் போக வேண்டும் என்று முடிவு செய்தார்.

அதனால்தான் அவர் காப்பகங்களுக்குப் போகிறார். ஓய்வுக்குப் பின் தொடங்கிய தொண்டு இல்லை இது. பட்டத்துக்காக மோதிக்கொண்டிருந்த 2000-ஆம் ஆண்டிலேயே காப்பகக் குழந்தைகளுக்காக ஒரு நிதியத்தை ஏற்படுத்திவிட்டார்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் கையில் கையுறை. சகமோட்டோவின் இரு கைகளிலும் மிட்ஸ், அதாவது குத்தை வாங்கிக்கொள்ளும் தட்டையான திண்டுகள். பிள்ளைகள் வட்டமாக நிற்க, ஒவ்வொருவராக அவர் எதிரே வருகிறார்கள். குத்து, உன் கோபத்தை எல்லாம் இதில் போடு, கத்து என்கிறார். சில பிள்ளைகள் முதலில் தொட்டுப் பார்ப்பதுபோல் அடிப்பார்கள். அவர் விட மாட்டார், இன்னும், இன்னும் என்பார். அடி பலக்கும். சிலர் அழுதுகொண்டே குத்துவார்கள். குத்தி முடித்த பிள்ளையை அவர் பாராட்டி அனுப்புவார்.

மிட்ஸ் பிடிப்பது எளிய வேலையில்லை. கையைச் சும்மா நீட்டிக்கொண்டு நின்றால், குத்தும் வேகத்தில் திண்டு பின்னால் போய்விடும், அடிப்பவரின் தோள் பிசகும். குத்து வந்து சேரும் கணத்தில் திண்டைச் சற்றே முன்னால் கொடுத்து எதிர்கொள்ள வேண்டும். அப்போதுதான் 'பட்' என்று சத்தம் வரும், அடித்தவனுக்குத் தன் அடி சேர்ந்தது என்று தெரியும். ஒரு மாலை முழுக்கப் பலருக்கு இப்படிப் பிடிக்கும் பயிற்சியாளர்களுக்கு முழங்கையும் தோளும் தேய்ந்துவிடும். ரிங்கில் 29 பேரை நாக்-அவுட் செய்த கைகள் இப்போது நாள் முழுக்க அடி வாங்குகின்றன, அதுவும் அடிப்பவனுக்கு வலிக்காத விதத்தில்.

வீட்டில் அடி வாங்கிய பிள்ளை வகுப்பில் கை ஓங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ணால் காண்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதே இல்லை, அது ஏற்கெனவே தெரியும். அது இதுவரை பார்க்காதது, தன் கோபத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்காமல், விட்டு ஓடாமல் எதிரே நிற்கும் ஒரு பெரியவரைத்தான். சகமோட்டோ அவர்கள் முன் அப்படித்தான் நிற்கிறார். எத்தனையோ பயிற்சியாளர்கள் நல்ல சாம்பியன்களை உருவாக்கியிருக்கலாம். இதைச் செய்ய, அந்தக் காப்பகத்துச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற ஒருவரால்தான் முடிகிறது என்று நினைக்கிறேன்.

எந்தப் பள்ளியிலும் நாளையே ஒரு குத்துச்சண்டை வகுப்பு தொடங்கிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கையுறையும் மணியும் மட்டும் யாரையும் ஆற்றிவிடாது. ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பிரபலத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பிரிவுதான் மிஞ்சும். சகமோட்டோ திரும்பத் திரும்பப் போகிறார், தான் வளர்ந்த காப்பகத்துக்கும் போகிறார். முக்கியமாக, வெளியே வரும் பிள்ளைகளுக்கு அவர் ஜிம் ஒரு முகவரியாக இருக்கிறது. ஜப்பானில் நெடுங்காலம் 18 வயதானால் பெரும்பாலோர் காப்பகத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த வயதுக் கட்டுப்பாட்டைச் சட்டம் தளர்த்தியது 2024-இல்தான். திரும்பிப் போக வீடில்லாத 18 வயதுக்காரனுக்கு உலகப் பட்டத்தைவிட முதலில் தேவைப்படுவது ஒரு வேலையும் அவனை விசாரிக்கும் ஒருவரும். அந்த இரண்டுக்கும் அவர் தன்னால் ஆனதைச் செய்கிறார்.

ஹடகேயாமாவும் பின்னாளில் முன்னாள் உலக சாம்பியன் ஷின்ஜி டகெஹராவுடன் சேர்ந்து டோக்கியோவில் ஜிம் தொடங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், எழுதுவேன். 1998 செப்டம்பரில் தென்கொரியாவின் சோய் யோங்-சூவை இரண்டாவது முயற்சியில் வென்ற ஆட்டத்திலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் உங்களுக்கு நேரம் கிடைத்தால் 2000 அக்டோபர் ஆட்டத்தை முழுவதும் பாருங்கள். கடைசிக் குத்தை மட்டும் காட்டும் துண்டுப் படம் வேண்டாம், அதற்கு முந்தைய ஒன்பது சுற்றுகளில்தான் இருவருமே இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்