வராதவரும் ஓட்டுப் போடுகிறார்

கேள்வி: அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இங்கே பிளானிங் போர்டில் (ஊரில் எதை எங்கே கட்டலாம் என்று பார்க்கும் குழு) சம்பளமில்லாத ஐந்து உறுப்பினர்களில் நானும் ஒருவன். ஆண்டில் கால்வாசிக்கு மேற்பட்ட கூட்டங்களைத் தவறவிட்டவர் பதவியை இழப்பார் என்று ஒரு விதி கொண்டுவரப் பேசுகிறார்கள். வேலை, பிள்ளைகள், பயணம் எல்லாம் எல்லாருக்கும் இருக்கிறது. தொண்டு செய்ய வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டை நீட்டுவது நியாயமா?

பதில்: நீட்டினால் வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டைக் கண்டா பயப்படுகிறீர்கள்? தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்தப் பயம் கிடையாது. “உள்ளேன் ஐயா” என்று ஒரே ஆள் மூன்று குரலில் சொல்லி, மேட்னி ஷோவில் இருந்த இருவரை வகுப்பில் உட்காரவைத்த பரம்பரை நாம். கல்லூரிக்குப் போனதும் அதே கலைக்கு ப்ராக்ஸி என்று பெயர். உத்தியோகத்துக்கு வந்தபிறகு வீடியோ கூட்டத்தில் பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டம். அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா, துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாரா என்பது அவர் வீட்டாருக்குத்தான் வெளிச்சம். கடைசியில் எல்லாரும் நன்றி சொல்லும்போது மட்டும் கட்டத்துக்கு உயிர் வந்து, “ரொம்பப் பயனுள்ள விவாதம்” என்று சொல்லிவிட்டு மறையும்.

நம் பார்லிமென்டிலும் பதிவேடு உண்டு. வருகையைப் பதிந்தால்தான் தினப்படி. பதிந்துவிட்டு எத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்தார் என்று பதிவேடு கேட்பதில்லை. அனுமதியில்லாமல் 60 நாள் சபைக்கு வராதவரின் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 101ஆவது பிரிவு. அறிவிக்கலாம் என்றுதான் இருக்கிறது, வேண்டும் என்று இல்லை. பழைய ஏதென்ஸ்காரர்களிடம் இந்த வழவழா கிடையாது. சந்தையில் வம்பளந்துகொண்டு சபைக்கு வராமல் நிற்பவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து உள்ளே தள்ளினார்கள். உடுப்பில் சிவப்புக் கறை இருந்தால் ஆள் டிமிக்கி கொடுக்கப் பார்த்தவர். அப்புறம் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறவர்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு ஓபோல், பிறகு மூன்று. உங்களுக்குக் காசும் இல்லை, கயிறும் இல்லை. போர்டிடம் மிஞ்சியிருப்பது உங்கள் நாற்காலி ஒன்றுதான். அதைக் காட்டி மிரட்டாமல் வேறு எதைக் காட்டுவார்கள்?

தொண்டு என்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் வராத நாளில் தொண்டு நின்றுபோவதில்லை, ஒரு திசையில் வேலை செய்கிறது. உங்கள் மாநிலச் சட்டப்படி, ஐந்து பேர் போர்டு ஒரு ஸ்பெஷல் பெர்மிட் (சில வகைக் கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் தனியாக வாங்க வேண்டிய அனுமதி) கொடுக்கப் பொதுவாக நாலு ஓட்டு வேண்டும் (சில வகைக் குடியிருப்புத் திட்டங்களுக்கு மட்டும் 2021இல் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தளர்த்தினார்கள்). வந்திருக்கிறவர்களைப் பொறுத்து அந்த நாலு குறையாது. இரண்டு பேர் வரவில்லை என்றால், மிச்ச மூன்று பேரும் ஒருமனதாகக் கைதூக்கினாலும் விண்ணப்பம் தோற்கும். நீங்கள் பையனின் கால்பந்து மேட்சில் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒருவரின் கடைக்கு ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் அதே சட்டத்தில் இருக்கிறது. விசாரணை முடிந்து 90 நாளுக்குள் போர்டு முடிவெடுக்கவில்லை, அவகாசத்தை நீட்டிக்க உடன்பாடும் இல்லை என்றால், பெர்மிட் கொடுத்ததாகவே கணக்கு. ஆக, இரண்டு பேர் வராவிட்டால் ‘வேண்டாம்’. யாருமே வராமல் நாள் ஓடினால் ‘ஆகட்டும்’. ஓட்டெடுப்பன்று மட்டும் வந்து கைதூக்கிவிடலாம் என்றும் பார்க்காதீர்கள். ப்ரூஸ்டர் என்ற ஊரின் பிளானிங் போர்டு மேல் முல்லின் என்பவர் போட்ட வழக்கில், விசாரணையில் உட்காராத உறுப்பினர் ஓட்டுப் போட முடியாது என்று 1983இல் தீர்ப்பாயிற்று. 2006இல் ஒரு சட்டம் போட்டுக் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள்: ஊர் அந்தச் சட்டத்தை ஏற்றிருந்தால், ஒரே ஒரு அமர்வைத் தவறவிட்டவர் அதன் ஒலிப்பதிவையோ எழுத்துப்படியையோ சாட்சியங்களோடு முழுக்கப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்து ஓட்டுப் போடலாம். அடுத்த வீட்டு வேலி எத்தனை அடி உயரம் என்ற விவாதத்தை மூன்று மணி நேரம் ஹெட்போனில் கேட்பதற்கு, நேரிலேயே போய்விடலாம்.

வேண்டுமென்றே வராமல் இருப்பது தனி வித்தை. அதில் ஆபிரகாம் லிங்கனே தோற்றார். 1840 டிசம்பரில் இல்லினாய் சட்டசபையில் ஒரு பேங்க் விவகாரம். கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு) சேராமல் இருந்தால்தான் அவர் கட்சிக்கு லாபம், அதனால் கட்சிக்காரர்கள் வெளியே நின்றார்கள். லிங்கனும் இரண்டொருவரும் வேடிக்கை பார்க்க உள்ளே இருந்தார்கள். திடீரென்று பார்த்தால் கோரம் சேர்ந்துவிட்டது, கதவு அடைத்துவிட்டது. லிங்கன் ஜன்னல் வழியாகக் குதித்தார். பயனில்லை, அதற்குள் அவரையும் எண்ணிவிட்டார்கள். அவருக்கு அடிபடவில்லை, கால்தான் ஜன்னலிலிருந்து தரைவரை எட்டுமே என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை கிண்டலடித்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்த நிருபர்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் “உத்திரமேரூரில் அன்றைக்கே...” என்று பேனாவைத் திறந்திருக்கும். அவர்களுக்கும் எனக்கும் பழைய பகை. 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகள் அருமையானவைதான். குடவோலை எடுக்கும் நாளில் இளையோர் முதியோர் எல்லாரும் சபைக்கு வர வேண்டும், ஊரில் இருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும் என்று சொல்கின்றன. ஆனால் ஓலையில் பெயர் எழுத, பொதுவாக வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பதை மட்டும் நம் பெருமைக்காரர்கள் மேடையில் மறந்துவிடுவார்கள். இந்தப் பகுதியில் இதை எழுதும்போதெல்லாம் தமிழ்த் துரோகி என்று கடிதம் வரும். இந்த மாதமும் வரட்டும்.

எனக்குப் பிடித்தது மானூர். திருநெல்வேலிப் பக்கம், சுமார் 1,200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு. சபைக்கு வந்து எதை எடுத்தாலும் “அன்று, அன்று” (அல்ல, அல்ல) என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்கு ஒத்தூதுகிறவருக்கும் ஐந்து காசு அபராதம். வராதவரைவிட வந்து உயிரை எடுப்பவர் ஆபத்து என்று தெரிந்துவைத்திருந்தார்கள். நூறு சதவீத வருகைக்காரர் ஒருவர் உங்கள் போர்டிலும் இருப்பார். எந்தப் பதிவேடும் அவரைப் பிடிக்காது.

விதிக்கு வருகிறேன். கால்வாசிக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு மூன்று தடவை வராதவரையும், சொல்லாமல் ஒரு தடவை காணாமல் போனவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சொல்லாத லீவுக்குத்தான் தண்டனை வைக்க வேண்டும். சொன்ன லீவுக்கு ஆள் வேண்டுமே என்றால், ஸ்பெஷல் பெர்மிட் விசாரணைகளில் உட்கார ஒரு துணை உறுப்பினரை வைத்துக்கொள்ள உங்கள் மாநிலச் சட்டமே இடம் தருகிறது. அதை ஊர்க் கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், போன ஆண்டு எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.