பானெப் கல்லறைக் கள்வரா? கேள்வி பதில்

கேள்வி: பானெப் யார்? அவர்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டது?

பண்டைய எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கலைஞர்கள் டெய்ர் எல்-மெதினா என்ற ஊரில் வாழ்ந்தார்கள். பொ.மு. 1200ஐ ஒட்டி அவர்களுடைய மேஸ்திரிகளில் ஒருவராக இருந்தவர் பானெப். இரண்டாம் சேத்தியின் கல்லறைப் பொருள்களைத் திருடினார், அங்கிருந்த மதுவை எடுத்துக்கொண்டு மன்னரின் கல்பேழைமேல் அமர்ந்தார், அங்கே வெட்டிய கற்களால் தம் சொந்தக் கல்லறையில் நான்கு தூண்கள் எழுப்பினார் என்று அமென்நக்த் என்பவர் அமைச்சருக்கு எழுதிய புகார் மனு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சால்ட் 124 என்ற பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடியில் கிடைக்கிறது.

கேள்வி: கல்லறைச் சாபம் அவரைத் தாக்கியதா?

சாபக் கதைகளை நான் ஆராய்வதில்லை.

கேள்வி: ஆக, அவர் திருடியது உறுதிதானே?

இல்லை. நம் கையில் இருப்பது மனு, தீர்ப்பு அன்று. முந்தைய மேஸ்திரி நெஃபெர்ஹோதெப்பின் தம்பிதான் அமென்நக்த். அமென்நக்த்துக்கு வரவேண்டிய பதவியை, அமென்நக்த்தின் தந்தையுடைய பணியாளர் ஐவரை அன்றைய அமைச்சருக்கு லஞ்சமாகக் கொடுத்துப் பானெப் பறித்தார் என்பதே மனுவின் முதல் குறை.

கேள்வி: அரசி ஹெனுட்மிரேயின் கல்லறையிலிருந்து எடுத்த வாத்து பானெப்பின் வீட்டில் அகப்பட்டதே, ஐயா! இன்னும் என்ன சான்று வேண்டும்?

வாத்து தம்மிடம் இல்லை என்று பானெப் சத்தியம் செய்ததையும், பிறகு அது அவர் வீட்டில் கிடைத்ததையும் நமக்குச் சொல்பவர் அதே அமென்நக்த்தான். பானெப்பை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. பதவியை இழந்தவரின் வாய்மொழியை மட்டுமே வைத்து, மறுமொழி பதிவாகாத ஒருவரைக் கள்வர் என்று எழுதுவது நியாயமில்லை என்கிறேன்.

கேள்வி: அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது?

மனுவில் தீர்ப்பு இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: உறுதியாகச் சொல்லத்தக்க வழக்கு ஒன்றாவது உண்டா?

உண்டு. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டில், அமென்பநெஃபெர் என்ற கல்தச்சர், எட்டுப் பேராகச் சேர்ந்து சோபெகெம்சாஃப் மன்னரின் கல்லறையை உடைத்ததாகவும், கிடைத்த 160 தெபென் தங்கத்தை, அதாவது பதினான்கு கிலோவுக்கு மேற்பட்டதை, தலைக்கு 20 தெபெனாகப் பிரித்துக்கொண்டதாகவும் வாக்குமூலம் தந்தார். தடியால் அடித்துப் பெற்ற வாக்குமூலம் என்பதால் அதையும் தனியாக நம்பமாட்டேன். ஆனால் அதே ஆண்டில் கல்லறைகளைச் சோதித்த குழு, பத்து அரச கல்லறைகளில் ஒன்பது பத்திரமாக இருப்பதையும், சோபெகெம்சாஃபின் கல்லறை மட்டும் பக்கத்துக் கல்லறை வழியாகத் துளைக்கப்பட்டிருப்பதையும் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறது.